அண்ணன் பெருக்கி அனுப்பிய பெட்டி

எங்கள் அண்ணன் அவர்கள் மறைந்து இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வரும் உறவினர்கள், நண்பர்கள் கையில் கொடுப்பதற்காக இந்தச் சிறு மலரைப் போடுகிறோம். முதல் பக்கத்தில் படம், அடுத்த பக்கத்தில் குடும்பத்தார் பெயர்கள், அதன் பிறகு தங்கை எழுதும் கட்டுரை என்று திண்டிவனம் அச்சகத்தில் இடம் ஒதுக்கினார்கள். "நல்லதா நாலு வார்த்தை எழுதிக் குடும்மா, மத்தத நாங்க பாத்துக்கறோம்" என்றார் அச்சகக்காரர். அண்ணனைப் பற்றி நல்லதாக எழுத நாலு வார்த்தை போதாது. ஆனால் என்னைப் பற்றிக் கெட்டதாக ஒன்றைச் சேர்க்காமல் அவரைப் பற்றி என்னால் எழுத முடியாது. பாதியிலேயே புத்தகத்தை மூடி வைக்கத் தோன்றினால் மூடாதீர்கள், முழுக்கப் படியுங்கள். இவ்வளவுதான் ஆரம்பத்தில் நான் கேட்பது.

அண்ணன் மயிலத்துக்குக் கிழக்கே எங்கள் காலனி வீட்டில் தலைப்பிள்ளையாகப் பிறந்தார். எங்களுக்குச் சொந்தமாக ஒரு காணி நிலமும் கிடையாது. அப்பாவும் அம்மாவும் ஊரார் கொல்லையில் மல்லாட்டைக் கடலை பிடுங்கும் கூலிக்குப் போவார்கள். அப்பா சீக்கிரமே போய்ச் சேர்ந்தார். அண்ணன் எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, கூட்டேரிப்பட்டுக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே ரோட்டோரம் இருந்த கிரானைட் கம்பெனியில் கல் அறுக்கும் வேலைக்குச் சேர்ந்தார். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது புருவம், மீசை, காது மடல் எல்லாம் கல் மாவு பூத்திருக்கும். "தாத்தா வந்துட்டாரு, சுருட்டு எடுத்துக் குடுங்க" என்று நான் கிண்டல் செய்வேன். துண்டை உதறி என் மேலேயே அந்த மாவைத் தட்டிவிட்டுச் சிரிப்பார்.

அம்மாவை அவர்தான் கடைசிவரை பார்த்துக்கொண்டார். எனக்குக் கல்யாணம் செய்துவைத்த பிறகுதான் தனக்குப் பெண் பார்க்கச் சம்மதித்தார். பனமலைப் பக்கத்திலிருந்து அண்ணி வந்தார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த நல்ல காரியங்களில் அண்ணிதான் முதல். என் வீட்டுக்காரர் வேறொரு குடும்பம் தேடிக்கொண்டு போன பிறகு, கைக்குழந்தையோடு வாசலில் வந்து நின்ற என்னை, "உள்ள வா, காத்துல நிக்காத" என்று கூப்பிட்டதும் அண்ணிதான். இதையும் இங்கே எழுதி வைக்கிறேன். ஏன் என்பது கடைசியில் தெரியும்.

அண்ணனுக்கு இருமல் பிடித்துக்கொண்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. திண்டிவனத்தில் ஒரு டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "நெஞ்சுல கல்தூசி படிஞ்சிருக்குப்பா. இருக்கறது போவாது. இனிமே ஏறாம பாத்துக்க. அறுப்புப் பக்கமே போவாத" என்று கண்டிப்பாகச் சொன்னார். அண்ணன் முதலாளியிடம் கெஞ்சிக் கேட்டு, கப்பலுக்குக் கல் ஏற்றும் பக்கம் மாறினார். தூசி இல்லாத வேலை. அந்த வேலைதான் அவருக்கு உயிர் கொடுத்தது என்று சொன்னால் மிகையில்லை. இருமல் குறைந்தது, உடம்பு தேறியது, முகத்தில் சிரிப்பு வந்தது.

அது என்ன வேலை என்று கேட்டவர்கள் உங்களில் பலர் இருக்கிறீர்கள். நாங்கள் 'பெட்டி' என்று சொல்வது கன்டெய்னரை. சென்னையிலிருந்து காலிப் பெட்டி லாரியில் வரும். மெருகேற்றிய கற்களை மரச்சட்டத்துக்குள் நிறுத்தி, இடையில் ஸ்பாஞ்சு வைத்து, இரும்புப் பட்டையால் இழுத்துக் கட்டி அதில் ஏற்ற வேண்டும். கல்லுக்குப் பெட்டி நிறையாது, எடைதான் நிறையும். பாதி உயரம்கூட வராது. "இன்னாய்யா, மேல பூரா சும்மா காத்தா போவுது, நாங்களும் ஏறிக்கினு போலாமா?" என்று கேட்ட ஒரு மாமாவுக்கு, "ஏறுங்க மாமா, ஒரு மாசம் சோறு தண்ணி இல்லாம படுத்துக்கினு வர்றீங்கன்னா எனக்கு ஒண்ணும் இல்ல" என்று பதில் சொன்னார். கல் சரியாகக் கட்டாமல் நடுக்கடலில் சாய்ந்தால் பெட்டியின் சுவரையே கிழித்துவிடும். அண்ணன் கட்டிய கட்டு ஒன்றுகூட அப்படிச் சாய்ந்ததில்லை.

ஆனால் கட்டுவதைவிட அவர் பெருக்குவதைத்தான் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். காலிப் பெட்டி வந்ததும் முதலில் அவர் மட்டும் உள்ளே போவார். "சாத்துடா" என்பார். வெளியிலிருந்து இரண்டு கதவையும் சாத்துவார்கள். கும்மிருட்டில் நின்று, எங்காவது ஊசி முனை அளவு வெளிச்சம் தெரிகிறதா என்று சுற்றிப் பார்ப்பார். வெளிச்சம் வந்தால் தண்ணீரும் வரும், அந்தப் பெட்டி வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிடுவார். பிறகு மோந்து பார்த்தே சொல்வார், இது மிளகாய் ஏற்றின பெட்டி, இது கருவாடு ஏற்றின பெட்டி என்று. அப்புறம் தென்னந்துடைப்பத்தை எடுத்து மூலையிலிருந்து ஆரம்பிப்பார். தரைப் பலகைகளின் இடுக்குகளில் ஒரு பழைய சைக்கிள் கம்பியை விட்டுக் கீறிக் கீறி எடுப்பார். அதன் பிறகு ஈரத்துணி. முக்கால் மணி நேரம் ஆகும். யாரையும் தொட விடமாட்டார். ஆட்கள் செருப்பைக் கழற்றி, காலைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே ஏற வேண்டும்.

"கல்லு போய் எறங்கற ஊர்ல நம்ம ஊரு விதை ஒண்ணு கூட எறங்கக் கூடாது பாப்பா. ஒரு பூச்சி, ஒரு புடி மண்ணு, எதுவும் கூடாது. அது அவங்க சட்டம். நம்ம வீட்டுக்குள்ள எவனாவது சேத்துக் காலோட வந்தா நாம உடுவமா?" என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார். நானும் அதே கம்பெனியில்தான் இருந்தேன். அவர்தான் சேர்த்துவிட்டார். கல்லைக் கழுவித் துடைத்து, கட்டுக்குள் ஸ்பாஞ்சு வைக்கும் வேலை. ஆகவே எனக்குத் தெரியாது என்று நான் சொல்லிக்கொள்ள வழியே இல்லை.

தன் கல் ஏறும் கப்பலை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை இருந்தது. ஒரு நாள் லீவு போட்டு, பெட்டி போன லாரியிலேயே ஏறிச் சென்னைக்குப் போனார். துறைமுகத்தின் கேட்டில் பாஸ் இல்லை என்று இறக்கிவிட்டார்கள். மதியம் வரை சுவரோரம் நின்று, சுவருக்கு மேலே தெரிந்த கிரேன் மூக்குகளை மட்டும் பார்த்துவிட்டு பஸ் பிடித்து வந்தார். "கல்லு போற தூரம் நம்ம காலு போவல பாப்பா" என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை. கையில் அண்ணிக்கு ஒரு பொட்டலம் அல்வா இருந்தது.

இனி எழுத வேண்டியதை எழுதுகிறேன்.

ஆறு வருடத்துக்கு முன்பு முதலாளி அண்ணனைக் கூப்பிட்டு, ஏற்றும் வேலை முழுவதையும் அவர் பொறுப்பில் விட்டார். ஆள் சேர்ப்பது, கட்டுவது, சீல் வைப்பது வரை எல்லாம் அவர் பெயரில். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக ஒருவர் பெயருக்குக் கீழே ஆறு பேர் வேலை செய்தார்கள். முதல் பெட்டி ஆஸ்திரேலியாவுக்கு. அங்கே யாரோ கட்டும் ஒரு வீட்டுக்குப் படிக்கல்லும், வாசலுக்கு நிலைக்கல்லும்.

நிலைக்கல் என்று கேட்டதும் என் மனம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. நம் பக்கத்தில் ஓலைக் குடிசையாக இருந்தாலும் வாசக்கால் நிறுத்தும்போது நவதானியத்தை மஞ்சள் துணியில் முடிந்து நிலையின் தலையில் கட்டாமல் விடுவோமா? யார் வீடாக இருந்தால் என்ன, நிலை நிலைதானே. அதுவும் அண்ணனின் முதல் பெட்டி. முதல் நாளே அவரிடம் கேட்டுப் பார்த்தேன்.

"யண்ணா, மொத பொட்டி. ஒரு பூசணிக்கா சுத்தலாமா?"

"வெளிய ரோட்டுல ஒடச்சிக்க. பொட்டிக்குள்ள ஒரு கற்பூரம் கூட வேணாம், சொல்லிட்டேன்."

அவ்வளவு தெளிவாகச் சொன்னார். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமையே நான் மயிலம் மலையேறி, அடிவாரக் கடையில் வாங்கிய நவதானியத்தை முருகன் பாதத்தில் வைத்து எடுத்து வந்திருந்தேன். மஞ்சள் துணியில் முடிந்து ஜாக்கெட்டுக்குள் வைத்திருந்தேன். என் புத்தியை என்னவென்று சொல்வது? 'விதை' என்று அண்ணன் நூறு தடவை சொன்னது எல்லாம் காதில் விழுந்திருந்தது. ஆனால் என்னிடம் இருந்தது விதை என்று எனக்குத் தோன்றவே இல்லை. எனக்கு அது சாமி சமாச்சாரம். கடைசி வரிசைக்கு ஸ்பாஞ்சு வைக்கப் போனபோது, நிலைக்கல்லுக்கும் மரச்சட்டத்துக்கும் நடுவில் அந்த முடிப்பைச் செருகிவிட்டு, "எங்கண்ணன் நல்லா இருக்கணும்" என்று வேண்டிக்கொண்டு இறங்கினேன். ஐப்பசி மழை தூறிக்கொண்டிருந்தது. அவசரத்தில் கல்லெல்லாம் சரியாக உலராமலே ஏறியது. அண்ணன் கதவைச் சாத்திச் சீல் வைத்தார். ஆறு பேருக்கும் டீ வாங்கிக்கொடுத்தார்.

ஒன்றரை மாதம் கழித்து ஆபீசில் கூப்பிட்டார்கள். மேனேஜர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். அந்த நாட்டு அதிகாரிகள் பெட்டியைத் திறந்து எடுத்த படம். ஈரக் கல்லின் ஆவியில் பெட்டி உள்ளே வேர்த்திருக்கிறது. கப்பல் ஆடிய ஆட்டத்தில் முடிப்பு அவிழ்ந்து, தானியம் தரையெல்லாம் சிதறி, பலகை இடுக்குகளில் இறங்கி முளைத்திருந்தது. வெளிச்சமே காணாமல் வளர்ந்த வெளிர் மஞ்சள் முளைகள். கல்யாண வீட்டுப் பாலிகையில் வருமே, அதே மாதிரி.

நான் கதவோரம் நின்றிருந்தேன். எனக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. துவரை, பயறு, கொள்ளு, நெல் என்று எல்லாம் கலந்து எந்தச் சரக்குப் பெட்டியில் வரும்? ஆனால் மேனேஜர் வேறு மாதிரி நினைத்தார். "இதுக்கு முன்னாடி தானியம் ஏத்தின பொட்டி போலருக்குப்பா. மிச்சம் இருந்திருக்கு. நீ சரியா பெருக்கல" என்றார். அண்ணன் அந்தக் கம்ப்யூட்டர் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் வாய் திறப்பதற்குள், திறந்திருப்பேனா என்பது வேறு, அவர் சொல்லிவிட்டார்.

"என் தப்புதான் சார். ஏதோ ஒரு மூலைய உட்டுட்டேன்."

அந்த நொடியில் எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் உண்மை அதுதான். அப்பாடா என்று இருந்தது.

வாங்கியவர்கள் சரக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பெட்டிக்கு மருந்து அடித்துத் திருப்பி அனுப்பும்படி ஆனது. அந்த வீட்டைக் கட்டியவர்கள் அதோடு எங்கள் கம்பெனிக்கு ஆர்டர் கொடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். முதலாளி கெட்ட மனிதர் இல்லை. "வேற வழி இல்லப்பா, நீ போயிடு" என்று அவரே தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். அண்ணனிடம் இருந்த ஆறு பேரும் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். ரோட்டோரத்தில் இருந்த மற்ற கல் கம்பெனிகளுக்கும் சேதி போய்விட்டது. பெட்டி சரியாகப் பெருக்காதவன் என்று ஒருவரும் அவரை ஏற்றும் வேலைக்குச் சேர்க்கவில்லை. எங்கள் கம்பெனியில் பெருக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். "அண்ணன் கூடவே இருந்த பொண்ணு, பார்த்துப் பழகியிருக்கும்" என்றார் மேனேஜர். அன்று முதல் இன்று வரை இருட்டுப் பெட்டிக்குள் நின்று வெளிச்சம் தேடுவது நான்தான்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். முதலில் பயம். வேலை போனால் பிள்ளையை எப்படிப் படிக்க வைப்பேன் என்ற பயம். பிறகு, அவர் வேறு வேலைக்குப் போய்விட்டால் சொல்லிவிடலாம் என்று ஒரு சாக்கு. பிறகு வெட்கம். ஒரு மாதம் கழித்துச் சொன்னால் "ஏன் அன்னிக்கே சொல்லல" என்பார்கள். ஒரு வருடம் கழித்துச் சொன்னால் காறித் துப்புவார்கள். நாள் ஆக ஆக வாய் ஒட்டிக்கொண்டே போனது.

இன்னொன்றும் செய்தேன். நாலைந்து மாதம் கழித்து அந்தப் பெட்டி கம்பெனிக்கே திரும்பி வந்தது. திறந்து துடைக்கச் சொல்லி என்னைத்தான் அனுப்பினார்கள். முளை எல்லாம் கருகிப் போயிருந்தது. மரச்சட்டத்தின் பின்னால் அந்த மஞ்சள் துணி அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த நாட்டுக்காரர்கள் அதைக் கந்தல் என்று நினைத்து விட்டிருப்பார்கள். அதைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக ஆபீசுக்கு நடந்திருந்தால் அண்ணன் பெயர் அன்றைக்கே சுத்தமாகியிருக்கும். முப்பது அடி தூரம்கூட இல்லை. நான் எதிர்ப்பக்கம் நடந்து போய், கல் அறுத்த சேறு தேங்கும் குழியில் அதைப் போட்டு, ஒரு குச்சியால் அமுக்கிவிட்டேன்.

இந்த இடத்தில் உங்களையும் கொஞ்சம் கேட்க வேண்டும். நம் சொந்தத்தில் ஒரு கல்யாணத்தில் பாலிகை வைக்கும்போது, "அவரக் கூப்பிடுங்கய்யா, பொட்டிக்குள்ளயே வெள்ளாம பண்ணவரு" என்று ஒருவர் சொல்ல, பந்தல் முழுக்கச் சிரித்தது. அண்ணனும் சேர்ந்து சிரித்தார். அப்போதே எழுந்து, சிரித்தவர்களின் முகத்தில் அந்தப் பாலிகைச் சட்டியை வீசலாமா என்று இருந்தது எனக்கு. ஆனால் எந்த முகத்தோடு வீசுவது? சோற்றை முடித்துவிட்டு அவரோடு பஸ் ஏறி வந்தேன். கல்யாணம், கருமாதி என்று எங்கே போனாலும் 'வெள்ளாமக்காரர்' என்று கூப்பிட்டீர்கள். உங்களை மட்டும் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

வேறு வேலை எதுவும் அமையாமல் அண்ணன் மறுபடியும் அறுப்புக்கே போனார். மயிலம் போகிற வழியில் ஒரு சின்னப் பட்டறை. தண்ணீர் விடாமல் கை மெஷினில் அறுப்பார்கள். தூசி மழையாகக் கொட்டும். "டாக்டர் இன்னா சொன்னாரு, மறந்துட்டீங்களா?" என்று அண்ணி அழுதார்கள். "சோத்துக்கு டாக்டரா வருவாரு?" என்று கேட்டுவிட்டு மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு போனார். அவரைக் கொன்றது கல்தூசி என்று டாக்டர் எழுதிக்கொடுத்திருக்கிறார். அந்தத் தூசிக்கு அவரைத் திருப்பி அனுப்பியது நான்.

வேலை போனதுகூட அவரை அவ்வளவு வாட்டவில்லை. எந்த மூலையை விட்டோம் என்பதுதான் அவரைத் தின்றது. வீட்டுத் தரையில் விரலால் பெட்டியைக் கோடு போட்டு, "இங்கேருந்து ஆரம்பிச்சேன். இந்தப் பக்கம் கம்பி உட்டேன். இங்க துணி போட்டேன். அப்ப எது? எது உட்டுப் போச்சு?" என்று அண்ணியிடம் கேட்பார். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வரும்போது திடீரென்று, "பாப்பா, கதவுக்குக் கீழ ரப்பர் இருக்குது பாரு, அதுக்குள்ள இருந்திருக்குமோ?" என்பார். ஐந்து வருடம் இப்படியே போனது. தன் வேலையில் தனக்கிருந்த நம்பிக்கை மொத்தமும் போய்விட்டது அவருக்கு. பட்டறையில் கல்லில் கோடு போடும்போதுகூட மூன்று தடவை அளந்து பார்க்கிறார், அப்புறமும் பக்கத்தில் இருப்பவனைக் கூப்பிட்டுக் காட்டுகிறார் என்று கேள்விப்பட்டேன். சுண்டுவிரலால் அளந்தாலும் தப்பாத மனிதர் அவர்.

சென்ற ஆண்டு மூச்சு முட்ட ஆரம்பித்தது. நாலடி நடந்தால் உட்கார்ந்துவிடுவார். விழுப்புரம் அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். மூக்கில் குழாய் வைத்தார்கள். பத்தாவது நாள், முற்பகல் நேரம், அண்ணி கஞ்சி வாங்கக் கீழே போயிருந்தார்கள். நான் கட்டில் ஓரமாக உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். கண்ணை மூடியிருந்தவர் மெல்லத் திறந்து கேட்டார்.

"பாப்பா. அன்னிக்கு நீ அங்கதான இருந்த?"

"எங்கண்ணா?"

"அந்த மொத பொட்டி. உள்பக்கத்து வலது மூல. நான் பெருக்குனனா, இல்லியா? சாவப்போற நேரத்துல பொய் சொல்லாத."

"பெருக்குன. நான் பாத்தேன். கம்பி உட்டு சுரண்டுன. ஒரு மூல கூட நீ உடல."

அவர் என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்துவிட்டது.

"நீ என் தங்கச்சி. அப்படித்தான் சொல்லுவ."

நான் சொன்னது சத்தியம். அதை அவர் நம்ப வேண்டுமானால் மீதியையும் நான் சொல்லியாக வேண்டும். முடிப்பை நான் வைத்தேன் என்று சொல்ல வேண்டும். நாக்கு நுனி வரை வந்தது. அந்தக் கண்ணால் இன்னொரு மாதிரி என்னைப் பார்த்துவிட்டுப் போய்விடுவாரோ என்று பயந்தேன். அவருடைய நிம்மதியைவிட, அவர் மனதில் என் இடம்தான் அந்த நேரத்திலும் எனக்குப் பெரிதாகப் பட்டது. நாளைக்குச் சொல்லலாம் என்று காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தேன். அண்ணி கஞ்சியோடு வந்துவிட்டார்கள். மறுநாள் அவர் பேசவில்லை. அதற்கடுத்த நாள் காலை போய்விட்டார்.

இதுவரை எழுதியதை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்பு அண்ணியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பள்ளிக்கூடத்துச் சத்துணவு சமையல் முடிந்து வந்து, புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார்கள். ஒரு முறை படித்தார்கள். திரும்பவும் முதலிலிருந்து படித்தார்கள். அப்படியே மடித்து மடியில் வைத்துக்கொண்டார்கள்.

"அவருகிட்ட சொல்லியிருந்தா உன்ன இன்னா பண்ணியிருப்பாரு? நாலு திட்டு திட்டியிருப்பாரு. அப்புறம் சோறு போடச் சொல்லியிருப்பாரு" என்றார்கள்.

"தப்புதான் அண்ணி."

"முடிப்பு வச்சது தப்புன்னு நான் சொல்லல. ஆசையில வச்ச. நானா இருந்தாலும் வச்சிருப்பேன். அவரு வாயத் தொறந்து கேட்டாரே, அப்பக்கூட சொல்லாம காலப் புடிச்சிக்கினு குந்தியிருந்தியே. அத என்னால தாங்க முடியல."

அச்சடிக்க வேண்டாம் என்பார்கள் என்று நினைத்தேன். "ஒரு எழுத்து மாத்தாம போடு. எல்லாரும் படிக்கட்டும்" என்றார்கள். நான் எழுந்து வாசல் வரை வந்த பிறகு பின்னாலிருந்து சொன்னார்கள்: "திதிக்கு வா. வராம இருக்காத. ஆனா என் பக்கத்துல குந்தாத." அந்த வார்த்தையில் தப்பே இல்லை. என்னை ஒரு நாள் உள்ளே கூப்பிட்டவர்கள் அவர்கள். வெளியே நிறுத்தும் உரிமையும் அவர்களுக்குத்தான் உண்டு.

மரபுப்படி நன்றி சொல்ல வேண்டும். மூச்சுத் திணறிய அன்று சவாரியை விட்டுவிட்டு விழுப்புரம் வரை ஜல்தியாகக் கொண்டுபோய்ச் சேர்த்த பக்கத்து வீட்டு ஆட்டோத் தம்பிக்கு நன்றி. பத்து நாளும் அண்ணனை "அப்பா" என்று கூப்பிட்டு முகம் துடைத்துவிட்ட நர்சம்மாவுக்கு நன்றி. அவரிடம் வேலை செய்த ஆறு பேரில் ஒருவர் மட்டும், மரக்காணத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, காடுவரை தோள் கொடுத்துவிட்டுப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். அவருக்கு நன்றி. மாலை அனுப்பிவைத்த முதலாளிக்கும் நன்றி. அவர் பெயரில் குற்றமில்லை. இதைப் படித்த பிறகு என்னை வேலையில் வைத்துக்கொள்வதும் விடுவதும் அவர் விருப்பம். மேனேஜருக்கும் ஒரு பிரதி அனுப்புகிறேன்.

திதிக்கு வரும் உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். படையல் போட்டு எல்லோரும் அவர் படத்தின் முன்னால் கும்பிட்டு நிற்பீர்கள். அப்போது யாராவது ஒருவர், நம் சொந்தத்தில் பெரியவர் யாராவது, அவருக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல்லுங்கள்: "பொட்டி சுத்தமாத்தான் இருந்துச்சுப்பா, உம்மேல தப்பு இல்ல" என்று. நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் சொன்னபோது அவர் நம்பவில்லை.